சேலையோடு செதுக்கப்பட்ட தாய்



வேளாங்கண்ணிக்குத் திருப்பயணம் போகும் நம் ஊர்த் தாய்மார்கள் மாதாவுக்கு ஒரு சேலை எடுத்துக்கொண்டு போவது வழக்கம். பிள்ளை பிறந்தால் ஒரு சேலை, நோய் தீர்ந்தால் ஒரு சேலை, மகளுக்குத் திருமணம் நிச்சயமானால் ஒரு சேலை. அந்தச் சேலையை மாதாவின் சுரூபத்துக்குச் சாத்துவார்கள். பிறகு எடுத்துவிட்டு வேறொன்று சாத்துவார்கள். இப்படி நாம் சாத்துகிற சேலைக்கு முன்பே, சுரூபத்தைச் செய்தபோதே தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் செதுக்கிய மாதா ஒருவர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். திருவண்ணாமலையிலிருந்து திருக்கோவிலூர் வழியாக உளுந்தூர்பேட்டை போய், விருத்தாசலம் சாலையில் திரும்பினால், இரண்டு மூன்று மணி நேரத்தில் அந்த ஊரை அடைந்துவிடலாம். ஊரின் பெயர் கோணாங்குப்பம். மாதாவின் பெயர் பெரியநாயகி.

கோணாங்குப்பம் முகாசாபரூரை ஒட்டிய சிற்றூர். இன்று கடலூர் மாவட்டத்தில், புதுவை - கடலூர் உயர்மறைமாவட்டத்தில் இருக்கிறது. ஜனவரி மாதத் திருவிழாவின்போது அந்த ஊர் நிரம்பி வழியும். மற்ற நாள்களில் அமைதியாக இருக்கும். அந்தச் சிற்றூர் ஆலயத்தின் வரலாற்றையும், அங்குள்ள அன்னையின் திருவுருவம் நமக்குச் சொல்லும் செய்தியையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இந்த ஆலயத்தை எழுப்பியவரை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அவரைப் பற்றிப் படித்திருக்கிறோம். 1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அவர்தான் வீரமாமுனிவர். பெற்றோர் வைத்த பெயர் கொன்ஸ்டன்சோ ஜோசப் பெஸ்கி. 1680-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் கஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார். இளையோரின் பாதுகாவலரான புனித ஞானப்பிரகாசியார் பிறந்ததும் அதே ஊரில்தான். 1698-இல் இயேசு சபையில் சேர்ந்த பெஸ்கி, 1710-இல் கோவாவில் வந்து இறங்கினார். அடுத்த ஆண்டே மதுரை மறைபரப்புத் தளத்துக்கு வந்து சேர்ந்தார். அதன் பிறகு தாய்நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை. ஏறக்குறைய 36 ஆண்டுகள் தென்னாட்டிலேயே உழைத்து, 1747-இல் இறைவனடி சேர்ந்தார்.

கொள்ளிடத்தின் வடகரைப் பக்கம் உள்ள ஏலாக்குறிச்சி அவருடைய பணியின் முக்கியமான தளம். அதற்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டினார். அங்கிருந்து சுற்றுவட்டார ஊர்களுக்கு நடந்து நடந்து நற்செய்தி சொன்னார். அப்படி ஒரு பயணத்தில்தான் கோணாங்குப்பத்தின் கதை தொடங்குகிறது.

அந்தப் பகுதியில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் மரபு இது. முனிவர் ஒரு மாதா சுரூபத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு நடந்து வருகிறார். வெயில் கொளுத்துகிறது. முகாசாபரூர்ப் பக்கத்துக் காட்டில் ஒரு மரத்தடியில் சுரூபத்தை வைத்துவிட்டுக் களைப்பாறுகிறார், அப்படியே கண்ணயர்கிறார். ஆடு மாடு மேய்க்க வந்த சிறுவர்கள் சுரூபத்தைப் பார்க்கிறார்கள். பிள்ளைகளுக்கே உரிய விளையாட்டுப் புத்தி! எடுத்துக்கொண்டு போய் ஒரு புதருக்குள் ஒளித்து வைத்துவிடுகிறார்கள். கண்விழித்த முனிவர் தேடித் தேடிப் பார்க்கிறார், கிடைக்கவில்லை. மனம் நொந்து தம் வழியே போகிறார்.

அந்தச் சீமையை அப்போது கச்சிராயர் என்ற பாளையக்காரர் ஆண்டுவந்தார். அவர் கிறிஸ்தவர் அல்லர். அவருக்குப் பிள்ளை இல்லை என்ற பெருங்குறை இருந்தது. ஓர் இரவு அவருடைய கனவில் ஒரு பெண் தோன்றி, காட்டுக்குள் தான் இருக்கும் இடத்தைச் சொல்லி, தனக்கு அங்கே ஒரு வீடு கட்டித் தரும்படி கேட்டாள். காலையில் ஆட்களோடு போய்த் தேடியபோது புதருக்குள் சுரூபம் கிடைத்தது. கச்சிராயர் அங்கே சிறியதாக ஒரு கோவில் எழுப்பினார். அவருக்குப் பிள்ளைப் பேறும் வாய்த்தது. பின்னர் அந்த வழியாக வந்த முனிவர், தொலைந்துபோன தம் அன்னைக்கு ஒரு வீடு கிடைத்திருப்பதைக் கண்டு ஆனந்தக் கண்ணீர் விட்டார். கச்சிராயரின் உதவியோடு அங்கே ஆலயத்தைக் கட்டினார். இதுதான் மரபு.

இந்த மரபில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். அந்தப் பெண் கேட்டது பொன் அல்ல, பொருள் அல்ல, பெரிய கோபுரமும் அல்ல. "எனக்கு ஒரு வீடு" என்றுதான் கேட்டாள். அந்த வீட்டைத் தந்தவரோ இன்னும் திருமுழுக்குப் பெறாத ஒருவர். நம் மண்ணில் மாதாவுக்குக் கதவு திறந்தவர்களில் பிற சமயத்தவர் பலர் உண்டு. அருணாசல மலையின் அடிவாரத்தில், பல சமயத்தவரோடு ஒரே தெருவில் வாழும் நமக்கு இது புதிதான செய்தி அல்ல.

ஆலயம் எழுந்தது. அடுத்து முனிவருக்கு ஒரு பெரிய ஆசை வந்தது. அதுவரை இங்கே வந்த மாதா சுரூபங்கள் பெரும்பாலும் ஐரோப்பியச் சாயலில் இருந்தன. நீண்ட அங்கி, மேலே போர்வை, தலையில் முக்காடு. இந்த மக்களின் தாய், இந்த மக்களின் தாயைப் போலவே இருக்கவேண்டும் என்று முனிவர் நினைத்தார். தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் மாதாவின் படம் ஒன்றை எழுதச் செய்தார். அன்றைய மயிலை ஆயரின் உதவியோடு அந்தப் படத்தைக் கடல் கடந்து மணிலாவுக்கு அனுப்பினார். அங்கிருந்து இரண்டு சுரூபங்கள் செய்து வரவழைக்கப்பட்டன என்று முனிவரின் வரலாறு சொல்கிறது. ஒன்று ஏலாக்குறிச்சிக்குப் போய் அடைக்கல மாதாவாக வீற்றிருக்கிறது. மற்றொன்று கோணாங்குப்பத்தில் பெரியநாயகி மாதாவாக நிற்கிறது.

மணிலாவா, அவ்வளவு தூரமா என்று நீங்கள் கேட்கலாம். பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரமான மணிலா அப்போது ஸ்பெயின் நாட்டவரின் ஆட்சியில் இருந்தது. 1565 முதல் 1815 வரை, 250 ஆண்டுகள், மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே பெரிய கப்பல்கள் போய்வந்தன. பட்டும் பீங்கானும் போனதுபோல, மணிலாவில் தந்தத்திலும் மரத்திலும் செதுக்கிய புனிதர்களின் சுரூபங்களும் அந்தக் கப்பல்களில் போயின. சீனத்திலிருந்து வந்து குடியேறிய சிற்பிகள் அந்தப் பட்டறைகளில் பேர் பெற்றிருந்தார்கள்.

நம் சோழமண்டலக் கரைக்கும் மணிலாவுக்கும் வணிகம் இருந்தது. சென்னையிலிருந்து துணி ஏற்றிக்கொண்டு கப்பல்கள் மணிலாவுக்குப் போகும். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-இல் பாலம் கட்டியவரும், பரங்கிமலைக்குப் படிகள் அமைத்தவருமான ஆர்மீனிய வணிகர் உஸ்கான், மணிலா வணிகத்தில் பொருள் சேர்த்தவர்தான். ஆகவே மயிலையிலிருந்து ஒரு படம் மணிலா போய்ச் சேர்வது அந்தக் காலத்தில் நடக்கக்கூடிய காரியமே.

சற்று எண்ணிப் பாருங்கள். ஆசைப்பட்டவர் இத்தாலி நாட்டுக் குரு. உதவியவர் போர்த்துகீசியத் திருச்சபை அமைப்பின் ஆயர். செதுக்கியவர்கள் கீழ்க்கடலின் தீவில் இருந்த சிற்பிகள். சேலை கட்டும் வழக்கமே இல்லாத ஊரில், ஒரு படத்தை மட்டும் பார்த்து, மரியாவுக்குச் சேலை உடுத்தினார்கள். வந்து சேர்ந்த இடமோ விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் காடு. திருச்சபை உலகளாவியது என்று ஞாயிறுதோறும் நம்பிக்கை அறிக்கையில் சொல்கிறோமே, அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் கோணாங்குப்பம் போய்ப் பார்க்கலாம்.

பெயரிலும் ஒரு செய்தி இருக்கிறது. பெரியநாயகி என்பது முனிவர் புதிதாகப் படைத்த சொல் அல்ல. அந்த வட்டாரத்துத் தாய்மார்கள் தங்கள் பெண் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர். விருத்தாசலம் பழமலைநாதர் கோவிலில் அம்மனுக்கும் அதுவே பெயர். அந்த மக்களின் நாவில் மரியாதையோடு பழகியிருந்த ஒரு பெயரை எடுத்துத் தம் அன்னைக்குச் சூட்டினார் முனிவர். அப்படியானால் வந்தவள் அந்நியப் பெண்ணாக வரவில்லை, சொந்தக்காரியாக வந்தாள்.

இதே வேலையைத்தான் முனிவர் மொழியிலும் செய்தார். 1726-இல் அவர் முடித்த தேம்பாவணி மூன்று காண்டங்களும், 36 படலங்களும், 3,615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். அதன் தலைவர் புனித சூசையப்பர். யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்குப் பெருக்கம் என்ற பொருள் உண்டு. அதைத் தமிழாக்கி 'வளன்' என்று பெயர் வைத்தார் முனிவர். இன்றைக்கு நம் ஊர்களில் வளனார் ஆலயம், வளனார் பள்ளி என்று சொல்கிறோமே, அந்தப் பெயர் அவர் தந்த கொடை. நம் எழுத்திலும் அவருடைய கை இருக்கிறது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் இன்று நாம் காணும் வடிவ வேறுபாட்டைக் கொண்டுவந்தவர் அவரே. நம் பிள்ளைகள் 'தேன்' என்று எழுதும்போது போடுகிற இரட்டைச் சுழிக் கொம்பு, ஒரு மறைப்பணியாளர் நமக்கு விட்டுச் சென்றது.

அன்பார்ந்தவர்களே, இது எல்லாரும் கைதட்டி வரவேற்ற முயற்சி என்று எண்ணிவிடாதீர்கள். கிறிஸ்தவர்கள் உள்நாட்டு வழக்கங்களை எந்த அளவுக்குக் கைக்கொள்ளலாம் என்பது அந்தக் காலத்தில் பெரும் விவாதமாக இருந்தது. 1704-ஆம் ஆண்டு ஜூன் மாதம், திருத்தந்தையின் தூதராக வந்த தூர்னோன் ஆண்டகை புதுச்சேரியில் ஓர் ஆணை வெளியிட்டார். இங்கே இயேசு சபையினர் அனுமதித்த வழக்கங்கள் பலவற்றை அது தடை செய்தது. 40 ஆண்டுகள் விவாதம் நீண்டது. 1744-இல் திருத்தந்தை 14-ஆம் பெனடிக்ட் இறுதித் தீர்ப்பை அறிவித்தார். வீரமாமுனிவரின் மறைப்பணி வாழ்வு முழுவதும் ஏறக்குறைய இந்த 40 ஆண்டுகளுக்குள்தான் அடங்குகிறது. எது கிறிஸ்தவம், எது வெறும் ஊர் வழக்கம் என்று ரோமில் வாதம் நடந்துகொண்டிருந்தபோது, இங்கே ஒருவர் மாதாவுக்குச் சேலை உடுத்தினார் என்றால் அதற்குத் துணிச்சல் வேண்டும். தைரியநாதர் என்று மக்கள் அவரை அழைத்தது பொருத்தம்தான்.

அப்படியானால் வெளிநாட்டுச் சாயலில் உள்ள சுரூபங்கள் குறைவானவையா என்று யாராவது கேட்கலாம். நம் மாவட்டத்துச் சேத்துப்பட்டில், பிரெஞ்சு மறைப்பணியாளர் தாராஸ் அடிகளாரின் உழைப்பால் எழுந்த புனித லூர்து அன்னை ஆலயம் வானளாவ நிற்கிறது. அங்கே போய் உருகி வேண்டாத குடும்பம் நம் பங்கில் குறைவு. வெள்ளை உடையும் நீல இடைக்கச்சையும் அணிந்த அந்த அன்னையும் நம் அன்னைதான். ஆனால் லூர்து நகரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 1858-இல் அன்னை ஓர் ஏழைச் சிறுமிக்குக் காட்சி தந்தார். பெர்னதெத் என்ற அந்தச் சிறுமிக்குப் படித்தவர்களின் பிரெஞ்சு மொழி சரியாகத் தெரியாது. அன்னை தம் பெயரை அவளுக்குச் சொன்னது அந்த மலைநாட்டு மக்களின் வட்டார மொழியில். அங்கேயும் அன்னை செய்தது இதுதான். எந்த வீட்டுக்குப் போகிறாரோ, அந்த வீட்டின் பேச்சைப் பேசுகிறார். லூர்து அன்னையும் பெரியநாயகி அன்னையும் ஒரே அன்னை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கை விளக்கம், எந்த ஒரு கலைப்பாணியையும் திருச்சபை தனக்கே உரியதாக வைத்துக்கொள்ளவில்லை என்றும், ஒவ்வொரு மக்களின் கலைக்கும் ஆலயத்தில் இடம் உண்டு என்றும் கற்பித்தது. ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன்னரே கோணாங்குப்பத்து ஆலயத்தில் அந்தப் படிப்பினை சுரூபமாக நின்றுகொண்டிருந்தது.

அது தானாக நின்றுவிடவில்லை. 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. குருக்கள் குறைந்தார்கள். போர்களும் பஞ்சங்களும் வந்தன. அந்தக் காலமெல்லாம் விளக்கேற்றி, செபமாலை சொல்லி, அன்னையின் திருவுருவத்தைக் காத்தவர்கள் எளிய மக்கள். இன்று நம் பங்குகளில் ஆலயத்தைப் புதுப்பிக்கும்போது பழைய சுரூபத்தின் கை உடைந்திருக்கிறது, வர்ணம் மங்கியிருக்கிறது என்று சொல்லிப் பளபளப்பான புதியதை வாங்கி வைக்கிறோம். பழையது சாமான் அறைக்குப் போய்விடுகிறது. நம் பாட்டிமார் கண்ணீர் விட்டு வேண்டிய முகம் அது. மாற்றுவதற்கு முன்னால், அதைச் செப்பனிடத் தெரிந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆனால் சுரூபத்தைக் காப்பதோடு நம் கடமை முடிந்துவிடுமா? வரலாற்றில் நாம் மறைக்கக்கூடாத ஒரு பகுதி இருக்கிறது. 1704-இன் அந்த ஆணையில் ஒரு பிரிவு இருந்தது. தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்களில் யாராவது நோயுற்றால், குருக்கள் அவர்களுடைய வீட்டுக்கே சென்று அருளடையாளங்களை வழங்கவேண்டும் என்று அது கட்டளையிட்டது. ஏன் அப்படி ஒரு கட்டளை தேவைப்பட்டது? மற்றச் சாதியினர் விலகிப்போய்விடுவார்கள் என்று அஞ்சி, குருக்கள் அந்த வீடுகளுக்குள் போகத் தயங்கினார்கள். 40 ஆண்டுகள் கழித்து 1744-இல் என்ன முடிவானது தெரியுமா? அந்த மக்களுக்கென்று தனியாக மறைப்பணியாளர்களை நியமிக்கும் ஏற்பாட்டைத் திருத்தந்தை ஏற்றுக்கொண்டார். மாதாவுக்குச் சேலை உடுத்தத் துணிந்த அதே காலம், அதே சேலை உடுத்திய ஓர் ஏழைத் தாயின் குடிசைக்குள் நுழையத் துணியவில்லை.

இது பழைய கதை என்று தள்ளிவிட முடியுமா? தனிக் கல்லறை, தனித் தெருவுக்கு வராத தேர், திருவிழாப் பொறுப்பில் இன்னாருக்கு இடமில்லை என்ற பேச்சு - இவையெல்லாம் தமிழகத் திருச்சபையில் நாம் கேள்விப்படாதவை அல்ல. 2003-ஆம் ஆண்டு நவம்பரில் தமிழக ஆயர்கள் ரோமுக்குச் சென்றபோது, திருத்தந்தை புனித 2-ஆம் யோவான் பவுல் இதைப் பற்றி அவர்களிடம் நேராகவே பேசினார். கிறிஸ்தவர்களுக்கு இடையே சாதி அடிப்படையிலான பிரிவினை உண்மையான மனித ஒன்றிப்புக்கு எதிரானது என்று எச்சரித்தார்.

வானதூதர் செய்தி சொன்னதும் மரியா என்ன செய்தார்? மலைநாட்டுக்கு விரைந்து போனார். எலிசபெத்தின் வீட்டுக்குள் நுழைந்து வாழ்த்தினார். ஏறக்குறைய மூன்று மாதம் அங்கேயே தங்கினார். லூக்கா நற்செய்தியாளர் நமக்குக் காட்டும் மரியா, வீட்டுக்குள் போகிறவர். முகாசாபரூர்க் காட்டில் "எனக்கு ஒரு வீடு" என்று கேட்டவரும் அவரே. பெரியநாயகி உடுத்தியிருக்கும் சேலை, நாற்று நடுகிறவளும், செங்கல் சுமக்கிறவளும், நம் தெருவைக் கூட்டுகிறவளும் உடுத்தும் சேலை. கோணாங்குப்பத்தில் அதன் முன்னால் முழந்தாளிட்டு எழுந்து வரும் நாம், நம் ஊரில் அதே சேலையில் வருகிறவளை வாசலோடு அனுப்பிவிட்டால், நம் வேண்டுதல் எங்கே போய்ச் சேரும்?

ஆகவே இந்த வாரம் ஒரு காரியம் செய்வோம். நம் பங்கிலேயே இருந்தும் நாம் இதுவரை காலடி வைக்காத ஒரு வீடு இருக்கும். தெரு வேறு என்பதால், சாதி வேறு என்பதால், பழைய மனத்தாங்கலால் போகாத வீடு. அந்த வீட்டுக்குப் போவோம். திண்ணையோடு நின்றுவிடாமல் உள்ளே போய் உட்காருவோம். அவர்கள் கொடுக்கும் தண்ணீரை வாங்கிக் குடிப்போம். கோணாங்குப்பத்துக்குத் திருப்பயணம் அதன் பிறகு போகலாம். அன்னை காத்திருப்பார்.

பெரியநாயகி அன்னையே, எங்கள் சேலையை உமது சேலையாக ஏற்றுக்கொண்ட தாயே, எங்களில் யாரையும் யாரும் ஒதுக்காதிருக்க உம் திருமகனிடம் எங்களுக்காகப் பரிந்து பேசும். ஆமென்.